மகளின் முதல் மியூசிகல் ஆடிஷன்: 16 பார் என்றால் என்ன, கர்நாடக சங்கீதக் குரலோடு எப்படித் தயாராவது?

பிளெயின்ஸ்போரோ அம்மா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. பக்கத்து ஊரில் பிள்ளைகளை வைத்தே நாடகம் போடும் குழு ஒன்று வசந்த காலத்தில் 'அன்னி ஜூனியர்' போடுகிறது. அன்னி என்ற அநாதைச் சிறுமியைப் பற்றிய மியூசிகலின், அதாவது பாட்டும் ஆட்டமுமான நாடகத்தின், பிள்ளைகளுக்கான பதிப்பு அது. அந்த நோட்டீஸைப் பள்ளியில் வாங்கி, மடித்து, பென்சில் பாக்ஸுக்குள் வைத்து மூன்று நாள் சுமந்திருக்கிறாள். நான்காம் நாள் ராத்திரி தோசை சாப்பிடும்போது எடுத்து என் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டீஸில் இருப்பது இவ்வளவுதான்: 16 பார் பாட்டு, இந்த நாடகத்தில் வராத பாட்டாக இருக்க வேண்டும், ஷீட் மியூசிக் (பாட்டை மேற்கத்திய முறையில் ஸ்வரமாக எழுதிய தாள்) கொண்டுவர வேண்டும், பியானோ வாசிப்பவர் இருப்பார், பக்கவாத்தியம் இல்லாமல் பாடக் கூடாது. பிறகு ஒரு டான்ஸ். அதற்குப் பிறகு சிலரை மட்டும் கால்பேக்குக்கு, அதாவது இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கு, கூப்பிடுவார்கள்.

நாலு வருஷமாகக் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். வர்ணத்தில் இருக்கிறாள். ஐந்தரைக் கட்டை. சுருதிப் பெட்டி இல்லாமல் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. பிறந்தநாள் பாட்டைப் பாடினால்கூட ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் வந்துவிடுகிறது. ஷீட் மியூசிக் எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தனியாகக் கோச் வைக்க வேண்டுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் கேட்டுவிடுகிறேன். நோட்டீஸில் இருக்கும் படத்தில் சிவப்புச் சுருட்டை முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். நம் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பார்களா? மகள் இதைக் கேட்கவில்லை, எனக்குத்தான் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

---

ரெண்டு பிள்ளை அப்பா

சகோதரி, பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆடிஷன் முடிந்து வீட்டுக்கு வரும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் பையன் ஒன்பது வயதில் இதே மாதிரி ஒன்றுக்குப் போனான். இரண்டு வாரம் தினமும் அவன் பாடுவதைப் போனில் ரெக்கார்ட் செய்து, போட்டுக் காட்டி, எங்கே தப்பு என்று சொன்னேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு இரண்டாவது வரி அவனுக்கு மறந்துவிட்டது. கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. காரில் ஏறி பெல்ட் போட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல நூறு தடவ பாடுன வரி, அங்க எப்படிடா மறந்துச்சு?" அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வழியில் டோனட் வாங்கிக் கொடுத்தேன். பையைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அடுத்த வருஷம் நோட்டீஸ் வந்தபோது எங்களிடம் காட்டாமலே குப்பையில் போட்டிருக்கிறான். துணி துவைக்கும் அறைக் கூடையில் நான்தான் பார்த்தேன்.

இப்போது பதினாலு வயது. பள்ளி நாடகத்துக்கு லைட் போடுகிறான், சந்தோஷமாக இருக்கிறான். ஆனால் அவன் மறுபடி பாடவே இல்லை. காரில் என்ன பேசப் போகிறீர்கள் என்பதை முந்தின நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

---

பியானோ பெஞ்ச்

சகோதரி, ஆடிஷன் அறையில் பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவள் நான். திருச்சியில் லண்டன் டிரினிட்டி காலேஜின் இசைப் பரீட்சை எழுதி எழுதிப் படித்த பியானோ. இங்கே வந்து பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகள் நாடகங்களுக்கு வாசிக்கிறேன். நடுவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிவது முதுகும் கையும் குதிகாலும்தான். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 16 பார். பார் என்பது மேற்கத்திய இசையில் தாளத்தை அளக்கும் ஒரு கட்டம். பெரும்பாலான பாட்டுகளில் ஒரு பாருக்கு நாலு அடி. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம். ஆக, ஓர் ஆவர்த்தனம் என்பது இரண்டு பார். 16 பார் என்பது எட்டு ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் பாடினால் 32 விநாடியில் முடிந்துவிடும். கொஞ்சம் நிதானமான பாட்டென்றால் 40 விநாடி. உங்கள் மகளிடம் "எட்டு ஆவர்த்தனம்தாண்டி" என்று சொல்லுங்கள், உடனே அவள் கைக்குள் வந்துவிடும். பாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பாலும் கடைசிப் பகுதியில்தான் குரலும் உணர்ச்சியும் மேலே போகும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, ஒரு வாக்கியம் முழுசாகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள்.

அடுத்தது சுருதி. கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். ஐந்தரைக் கட்டை என்பது பியானோவில் ஜி ஷார்ப். அவள் நாலு வருஷமாக அந்த 'ஸ'வில் நின்று பழகியிருக்கிறாள். ஆடிஷனில் பாட்டு எந்த ஸ்வரத்திலும் தொடங்கலாம், பின்னால் தம்பூரா ஒலிக்காது. இரண்டு வருஷத்துக்கு முன் நம் ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். கணீரென்ற குரல். நான் முன்னிசை வாசிக்கிறேன், அவள் அதைக் காதில் வாங்காமல் தன் 'ஸ'வில் எடுத்துவிட்டாள். நான் வாசித்தது எஃப், அவள் பாடியது ஜி ஷார்ப். நாலு பார் வரை இரண்டு பேரும் இரண்டு ஊரில் இருந்தோம். பிறகு நான்தான் அவள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இப்படிப் போய்ச் சேர்வதற்கு எல்லா வாசிப்பவருக்கும் கை வராது, நேரமும் இருக்காது.

அதற்கு ஒரு பயிற்சி உண்டு. போனில் பியானோ ஆப் இருக்கும். தினமும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கட்டையை அழுத்துங்கள். அதையே 'ஸ'வாக வைத்து அவள் சரளி வரிசை ஒன்றைப் பாடட்டும். பத்து தடவை, பத்து வேறு இடம். ஒரு வாரத்தில் காது திறந்துவிடும். இணையத்தில் ஷீட் மியூசிக் விற்கும் மியூசிக்நோட்ஸ் போன்ற தளங்களில் வாங்குவதற்கு முன்பே சுருதியை ஏற்றி இறக்கி வைத்துக்கொள்ளலாம். அவளுக்கு வசதியான சுருதியில் அச்செடுங்கள். "இதை அரைக் கட்டை கீழே வாசியுங்கள்" என்று அறையில் வந்து கேட்க வேண்டாம்.

கமகத்துக்குப் பயப்படாதீர்கள். அதை மறக்கச் சொல்லவே சொல்லாதீர்கள், அவள் சொத்து அது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்கள் ஒன்றிரண்டு சொல்லிக் கொடுத்திருப்பார்களே? அவையே மேற்கத்திய மெட்டுகள்தான். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து மெட்டு. எல்லாம் சங்கராபரணம், இவர்கள் மேஜர் ஸ்கேல் என்பது அதே ஸ்வரங்கள். அவற்றை அசைக்காமல் நேராகப் பிடித்துத்தானே பாடுகிறோம்! "நோட்டு ஸ்வரம் பாடுற மாதிரி பாடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குரலை இன்னொன்றாக மாற்றச் சொல்கிறோம் என்ற பயம் அவளுக்கு வராது. தொண்டையைக் கிழித்துக் கத்தினால்தான் மியூசிகல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜூனியர் பதிப்பு சுமார் ஒரு மணி நேர நாடகம், பாட்டுகளின் சுருதியையும் பிள்ளைகள் குரலுக்குத் தக்கபடி மாற்றித்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி, நான் முக்கியமாக நினைப்பது. மூன்று வாரத்தில் பாதி நேரத்தைப் பாடுவதற்குக் கொடுங்கள், மீதியைப் பேசுவதற்குக் கொடுங்கள். மெட்டை எடுத்துவிட்டு அந்த எட்டு ஆவர்த்தனத்தின் வரிகளை மட்டும் யாரிடமாவது பேசிக் காட்டச் சொல்லுங்கள். தம்பி தங்கை இருந்தால் இன்னும் நல்லது. யாரிடம் சொல்கிறாள், சொல்வதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது, எதிரில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறாள்? இதற்கெல்லாம் அவளே பதில் சொல்லட்டும், நீங்கள் சொல்லித் தராதீர்கள். நாட்டியப் பதத்தில் நாயகி சகியிடம் பேசுவது போலத்தான் இதுவும். போன வருஷம் ஒரு பையன், சுமாரான குரல். பாடத் தொடங்கும் முன் சுவரில் ஓர் இடத்தைப் பார்த்தான். அங்கே யாரோ நிற்பது போல அவன் தோள் தளர்ந்தது. பின்னாலிருந்து பார்த்த எனக்கே அந்த ஆள் தெரிந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். அவனுக்குப் பெரிய வேஷம் கிடைத்தது.

என்னிடம் பேசக் கற்றுக்கொடுங்கள். "ஹலோ" சொல்லட்டும். ஃபைலை விரித்து, எங்கே தொடக்கம் எங்கே முடிவு என்று விரலால் காட்டட்டும். வேகம் சொல்ல விரலைச் சொடுக்கக் கூடாது, அது வாசிப்பவருக்கு மரியாதைக் குறைவு. முதல் வரியை மெதுவாக முணுமுணுத்து, தொடையில் தாளம் போட்டுக் காட்டினால் போதும். தாளம் போடத் தெரிந்த பிள்ளை காட்டும் வேகம் பிசகவே பிசகாது, இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஷீட்டை மூன்று வளைய ஃபைலில் போடுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், விளக்கு பட்டால் எனக்கு ஒரு நோட்டும் தெரியாது. தனித்தனித் தாளும் வேண்டாம். மின்விசிறிக் காற்றில் இரண்டாம் பக்கம் பறந்து, பாடிக்கொண்டே குனிந்து எடுத்த ஒரு குட்டிப் பெண்ணை இன்னும் மறக்க முடியவில்லை.

வரி மறந்தால் நிற்கக் கூடாது. கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதியை விட்டுவிட்டால் வயலின் விட்டுவிட்டா போகும்? நான் பக்கவாத்தியம், அவள் எங்கே போனாலும் பின்னாலேயே வருவேன். அவளிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

டான்ஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எட்டு எண்ணிக்கையில் சில அடிகள் சொல்லிக்கொடுத்து, கொஞ்ச நேரத்தில் ஆடச் சொல்வார்கள். தப்பாக ஆடினாலும் முகம் வாடாத பிள்ளையைத்தான் தேடுவார்கள். முடியை முகத்தில் விழாமல் கட்டுங்கள், ரப்பர் அடிச் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். அன்னி மாதிரி சிவப்பு கவுன் வேண்டாம்.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தச் சிவப்பு முடி மேடையில் பெரும்பாலும் விக்தான். 2014-ல் வந்த அன்னி படத்தில் அன்னியாக நடித்தது க்வென்ஷனே வாலிஸ், 2021-ல் என்பிசி தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியதில் செலீனா ஸ்மித். இருவரும் கறுப்பினப் பெண்கள். ஒவ்வொரு குழுவும் ஒரே மாதிரி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் உட்கார்ந்த அறைகளில் உயரம், குரல், பக்கத்தில் நிற்கும் பிள்ளையோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்துமா என்பதுதான் பேச்சாக இருந்தது. அநாதை இல்லத்துப் பிள்ளைகளில் ஒருத்தியாகக் கிடைத்தாலும் அதைச் சின்னதாக நினைக்காதீர்கள். 1976-ல் கனெக்டிகட்டில் இந்த நாடகம் முதன்முதலாக மேடையேறியபோது ஆண்ட்ரியா மெக்கார்டல் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாகத்தான் இருந்தார். பிறகுதான் அன்னி வேஷம் அவருக்கு மாறியது. 1977-ல் பிராட்வேக்கும் அவர்தான் போனார்.

கோச் கட்டாயம் இல்லை. பியானோ வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு இரண்டு தடவை பாடிப் பார்த்தால் போதும். ரெக்கார்ட் செய்த பின்னணி இசையோடு மட்டும் பழக வேண்டாம், அது யாருக்காகவும் காத்திருக்காது.

---

பிளெயின்ஸ்போரோ அம்மா

அக்கா, நேற்று ராத்திரி இதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "எட்டு ஆவர்த்தனம்தானா?" என்று கேட்டுவிட்டுச் சோபாவிலேயே தாளம் போட்டுப் பார்த்தாள். மூன்று நாளாக ஒட்டிக்கொண்டிருந்த பயம் முகத்திலிருந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். ரெண்டு பிள்ளை அப்பாவுக்கும் நன்றி, உங்கள் பதிவை என் கணவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். எப்படிப்பட்ட பாட்டு எடுப்பது? ஃபாரத்தில் வர முடியாத தேதிகளை எழுதச் சொல்கிறார்கள். பிப்ரவரியில் என் தம்பி கல்யாணத்துக்குச் சென்னை போக வேண்டும், பத்து நாள். எழுதினால் கழித்துவிடுவார்களோ?

---

ஸ்காபரோ அன்ரி

பிள்ளை, தேதியளை ஒளிக்காமல் எழுதுங்கோ. என்ர மகனுக்கு ஒருக்கா நாங்கள் ஒளிச்சனாங்கள். கோயில் திருவிழாவுக்கு இரண்டு ஒத்திகை விட்டதில டைரக்டருக்குச் சரியான கோவம். மற்றப் பிள்ளையள் அவன்ர இடத்தை வெறுமையா விட்டுப்போட்டு நிண்டு பழகினவையாம். முன்னமே சொல்லியிருந்தால் அந்தக் காட்சியை வேற நாளில வச்சிருப்பம் எண்டு சொன்னவ. அவ சொன்னது நியாயம்தான். நாடகத்துக்கு முந்தின கிழமை மட்டும் எதுக்கும் விடவே மாட்டினம், லைட், மைக், உடுப்பு எல்லாம் சேர்த்துப் பாக்கிற கிழமை அது.

ஆம்பிளைப் பிள்ளை வச்சிருக்கிற ஆக்களுக்கும் ஒண்டு. மகனுக்குப் பதின்மூண்டு வயசில ஆடிஷனுக்கும் நாடகத்துக்கும் இடையில குரல் உடைஞ்சுபோச்சு. அவன் அழுதுபோட்டு என்னட்டையும் சொல்லேல்லை, இரகசியமா மேல்ஸ்தாயியைப் பிடிக்கப் பாத்து தொண்டை நொந்ததுதான் மிச்சம். பிறகு மியூசிக் டைரக்டரிட்ட நானே போய்க் கதைச்சன். அவ சிரிச்சுக்கொண்டு, ஒவ்வொரு வருசமும் ஆருக்காவது நடக்கிறதுதான் எண்டு, அவன்ர வரியை ஒரு ஸ்தாயி கீழ இறக்கி எழுதித் தந்தவ. வெக்கப்படாமல் நேரத்தோட சொல்லிப்போடுங்கோ.

நிறத்தைப் பற்றிக் கேட்டதுக்கும் ஒரு சொல்லு. இங்க கனடாவில எங்கட பக்கத்து மிசிசாகாப் பிள்ளை மைத்ரேயி ராமகிருஷ்ணன், நெட்ஃபிளிக்ஸ் தொடர் 'நெவர் ஹாவ் ஐ எவர்'இல கதாநாயகியா நடிக்கப் பொது அழைப்பில 15,000 பேருக்குள்ள தெரிவானவ. பள்ளிக்கூட நாடகத்தில நடிச்சு வந்த பிள்ளைதான் அவவும். எங்கட வீட்டில அந்த நியூஸ் வந்த நாள் நான் பாயாசம் வச்சனான்.

---

பியானோ பெஞ்ச்

அன்ரி சொன்னதுதான் சரி. பத்து நாளையும் எழுதுங்கள். பிப்ரவரி என்றால் பாட்டுப் பழகும் காலம், சமாளித்துவிடுவார்கள்.

பாட்டு: ஏதாவது மியூசிகலில் ஒரு சிறுமி பாடுவதாகவே எழுதப்பட்ட பாட்டாக இருக்கட்டும். பத்து வயசுப் பிள்ளை காதல் தோல்வியைப் பாடினால் அதில் அவள் நிற்க இடமே இருக்காது. ரேடியோப் பாட்டுகளில் பல, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். 16 பாரில் ஒன்றும் நடக்காது. தொடங்கும்போது ஒரு மனநிலை, முடிக்கும்போது இன்னொன்று என்று மாறுகிற இடமாகப் பாருங்கள். உச்ச ஸ்வரம் அவள் ஜலதோஷத்தோடு பாடினாலும் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்று பாட்டைக் கேட்கக் கொடுங்கள், தேர்வு அவளுடையது.

---

பிளெயின்ஸ்போரோ அம்மா

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். ஆடிஷன் போன சனிக்கிழமை முடிந்தது.

சர்ச் ஹாலில் நடந்தது. வெளியே நாற்பது பிள்ளைகளாவது இருப்பார்கள். சட்டையில் 27 என்று எண் ஒட்டினார்கள். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள், கதவைச் சாத்திவிட்டார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்று என் தொடையில் தாளம் போட்டேன். ஐந்தாவது ஆவர்த்தனத்தில் அவள் குரல் நின்றது. பியானோ நிற்கவில்லை. அரை ஆவர்த்தனம் பியானோ மட்டும் கேட்டது. எனக்கு மூச்சே வரவில்லை. பிறகு அவள் சரியாக அடுத்த வரியில் வந்து சேர்ந்தாள், முன்னைவிடச் சத்தமாக.

காரில் நாங்கள் முடிவு செய்து வைத்திருந்த கேள்வியைத்தான் கேட்டேன்: "பசிக்குதா?" "ரொம்ப" என்றாள். பாதி இட்லி தின்ற பிறகு அவளாகவே, "அம்மா, அந்தப் பியானோ மாமா என்னை விட்டுட்டுப் போகலை" என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

திங்கட்கிழமை கால்பேக்குக்குக் கூப்பிட்டார்கள், நேற்று பட்டியல் வந்தது. அநாதை இல்லத்துப் பிள்ளைகளில் ஒருத்தி. பேச இரண்டு வரி. அந்த இரண்டு வரியையும் காலையிலிருந்து ஃபிரிட்ஜிடமும் கறிவேப்பிலைச் செடியிடமும் தம்பியிடமும் விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒத்திகை செவ்வாயும் வியாழனும். கறுப்பு ஜாஸ் ஷூ, சிறுவர் சைஸ் 3, யார் வீட்டிலாவது பிள்ளைக்குச் சின்னதாகிப்போனது இருந்தால் சொல்லுங்கள். எடிசன் வரை வந்து வாங்கிக்கொள்கிறேன்.